நானே அசெம்பிள் பண்ணட்டுமா, அண்ணா?

கரூர் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து, கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

ஐந்து வருடமாக ஒரே லேப்டாப்பில்தான் எடிட்டிங், ஆல்பம் டிசைன் எல்லாம். போன வருடம் புது சோனி கேமரா வாங்கியதிலிருந்து பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேரில் டைம்லைன் நகர மறுக்கிறது. ஒரு கட் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம் என்கிறார். ஒன்றரை லட்சத்துக்குள் ஒரு டெஸ்க்டாப் போட முடிவு செய்து, அடுத்த வாரம் மனைவியின் நகையை வங்கியில் வைக்கப் போகிறார். டவுனில் ஒரு கடையில் 1,68,000 சொல்லியிருக்கிறார்கள். பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தானே மாட்டிக்கொள்ள, வீடியோக்களைப் பார்த்து இவர் போட்ட லிஸ்ட் 1,47,000-இல் முடிகிறது. "மிச்சமாகிற 21,000 ஒரு லென்ஸுக்குப் பாதிக் காசு அண்ணா." மனைவியோ, ஏதாவது ஆனால் கேட்க ஒரு ஆள் வேண்டும், கடையிலேயே வாங்குங்கள் என்கிறார். செல்போன் கடை வைத்திருக்கும் நண்பர் "ஒரு பின் வளைஞ்சா போர்டே போச்சு" என்று கிலி கிளப்பியிருக்கிறார். வைகாசி, ஆனி இரண்டிலும் கல்யாண ஆர்டர்கள் கையில் இருக்கின்றன. லேப்டாப்பை முதலில் விற்றுவிடலாமா, தானே மாட்டினால் வாரண்டி போய்விடுமா, தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாதாமே என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே வரி: "நானே அசெம்பிள் பண்ற அளவுக்கு நான் ரெடியா, இல்லையா?"

தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வேலை உங்கள் கைக்கு வரும். ஆனால் வைகாசிக்கு முன்னால் வேண்டாம், நீங்கள் அனுப்பிய லிஸ்டோடும் வேண்டாம்.

கேமரா சென்சாரை நீங்களே சுத்தம் செய்வதாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைச் செய்கிற கைக்கு ப்ராசஸர் மாட்டுவது பெரிய காரியமே இல்லை. அசெம்பிளிங் என்பது பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூ, ஆறேழு கேபிள், அவ்வளவுதான். பெரும்பாலான கனெக்டர்கள் தப்பான பக்கம் நுழையாத மாதிரியே செய்யப்பட்டிருக்கும். நீங்கள் பார்த்த வீடியோக்களில் அந்தப் பகுதி சரியாகவே இருக்கும். வீடியோவில் வராத பகுதி வேறு ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் நண்பர் கிளப்பிய பயத்தைத் தீர்த்துவிடுவோம்.

பின் வளையும் கதை

நண்பர் சொன்னது பொய் இல்லை. நீங்கள் எடுக்கப் போகும் இன்டெல் மதர்போர்டில் பின்கள் ப்ராசஸரில் கிடையாது, அது உட்காரும் சாக்கெட்டில் இருக்கும், மொத்தம் 1,700. முடி மாதிரி மெல்லிசு. விரல் பட்டாலோ, ப்ராசஸர் கை நழுவி மூலை இடித்து விழுந்தாலோ, துணி நூல் ஒன்று மாட்டி இழுத்தாலோ வளையும். வளைந்துவிட்டால் எந்தக் கம்பெனியும் வாரண்டியில் எடுக்காது, உடைத்துக் கொண்டுவந்த கணக்கில் எழுதிவிடுவார்கள். ஆக, அந்த இரண்டு நிமிடத்துக்கு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ப்ராசஸரின் இரண்டு பக்கத்தை மட்டும் பிடித்து, மூலையில் இருக்கும் சின்ன முக்கோணத்தையும் ஓரத்து வெட்டுகளையும் சாக்கெட்டோடு பொருத்திப் பார்த்து, நேர் மேலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அழுத்தக் கூடாது. அப்புறம் அந்தக் கம்பி லிவரை இறக்கும்போது நன்றாகவே எதிர்த்துத் தள்ளும், கரகரவென்று ஒரு சத்தம் வேறு வரும். புதிதாக மாட்டுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் "உடைச்சிட்டோம்" என்று வெளிறிப் போவார்கள். அது அப்படித்தான் இருக்கும், தைரியமாக இறக்குங்கள். மேலே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகக் கழன்று தெறிக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு போர்டை வாரண்டிக்குக் கொடுக்கப் போனால் அந்த மூடி போட்டுத்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பின்னை நீங்கள்தான் வளைத்தீர்கள் என்று வாதம் வரும்.

ஸ்டாட்டிக் கரண்ட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நம் ஊர் வீடுகளில் கார்ப்பெட் கிடையாது, தரையெல்லாம் டைல்ஸ், பயப்படும் அளவுக்கு இல்லை. பாலியஸ்டர் சட்டை வேண்டாம், ஏசி ஓடாத அறையில் உட்காருங்கள், பாகங்களைத் தொடும் முன் கேபினட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள், போதும்.

டிஸ்ப்ளே வராத அன்று

இப்போது வீடியோவில் வராத பகுதி. எல்லாவற்றையும் மாட்டி, சாமி கும்பிட்டு, பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, கலர் லைட் எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றுமே இல்லை. மணி இரவு பத்து. அப்போது என்ன செய்வீர்கள்?

நீங்கள் ரெடியா என்ற கேள்வியை நான் இந்த இடத்தில்தான் வைப்பேன். கடையில் வாங்கினால் அது கடைக்காரர் தலைவலி. நீங்களே மாட்டினால் சர்வீஸ் சென்டர் நீங்கள்தான். எந்தப் பாகம் கோளாறு என்று கண்டுபிடிக்கிற பொறுப்பு முழுக்க உங்களுடையது. ரேம் கம்பெனிக்காரன் ரேமைப் பற்றி மட்டும் பேசுவான், போர்டு கம்பெனிக்காரன் "ரேமை மாத்திப் பாருங்க சார்" என்பான். கடைக்காரர் கையில் மாற்றிப் போட்டுப் பார்க்க இன்னொரு ரேம், இன்னொரு எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இருக்கும். உங்கள் ஊரில் யாரிடம் இருக்கிறது ஒரு உதிரி டிடிஆர்5 ரேம்? திருச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ் ஏற வேண்டும்.

பத்தில் எட்டு முறை காரணம் அற்பமாகத்தான் இருக்கும். ரேம் முழுசாக உட்கார்ந்திருக்காது. இரண்டு முனையிலும் 'டக்' கேட்கும் வரை அழுத்த வேண்டும், அந்த அழுத்தம் கொடுக்கவே முதலில் மனசு வராது. ப்ராசஸருக்கு என்று போர்டின் மேல் மூலையில் தனியாக ஒரு 8 பின் பவர் கேபிள் உண்டு, அதை மாட்ட மறந்திருப்பார்கள். கிராபிக்ஸ் கார்டு போட்டுவிட்டு எச்டிஎம்ஐ வயரைப் பழக்கதோஷத்தில் போர்டில் குத்தியிருப்பார்கள். இரண்டு ரேம் என்றால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும், பக்கத்துப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். இன்னொன்று, டிடிஆர்5 போர்டு முதல் முறை ஆன் ஆகும்போது ரேமோடு பழகிக்கொள்ளச் சில நிமிடம்கூட எடுத்துக்கொள்ளும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் பதறி ஆஃப் செய்து ஆன் செய்து, ஒன்றுமில்லாத மெஷினைக் கழற்றிப் போட்டவர்கள் நிறைய பேர்.

இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி, மாட்டி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து பார்க்கிற பொறுமை உங்களுக்கு இருக்கிறதா? கோபம் வந்தால் இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றிவிடுவோம், அப்புறம் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று தெரியாமலே போய்விடும். இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது, உங்கள் வீட்டுக்காரம்மாவைக் கேளுங்கள், உண்மையைச் சொல்லிவிடுவார்.

கோளாறு உண்மையிலேயே பாகத்தில் இருந்தால் கதை வேறு. போர்டை சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் வந்து சேர ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். அதுவரை எதில் எடிட் செய்வீர்கள்? இதனால்தான் லேப்டாப்பை விற்கிற யோசனையை முதல் வேலையாகக் கைவிடச் சொல்கிறேன். ஐந்து வருட லேப்டாப்புக்கு என்ன பெரிய விலை கிடைத்துவிடப் போகிறது? புது மெஷின் இரண்டு மூன்று மாதம் வம்பில்லாமல் ஓடட்டும், அப்புறம் விற்றுக்கொள்ளலாம்.

உங்கள் லிஸ்டைப் பார்த்தேன்

ஒரு லிஸ்டில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் 'இது ஏன் இருக்கிறது' என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் லிஸ்ட் இரண்டு மூன்று வீடியோவிலிருந்து வெட்டி ஒட்டியதாகத் தெரிகிறது.

போர்டின் பெயர் கடைசியில் டி4 என்று முடிகிறது, அதாவது டிடிஆர்4 ரேம் போடுகிற போர்டு. கீழே ரேம் வரியில் டிடிஆர்5 எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் வெட்டு இருக்கிற இடமே வேறு, உள்ளேயே போகாது. ஒரே பெயரில் இரண்டு வகை போர்டும் விற்கிறார்கள், இதில் ஏமாந்தவர்கள் ஏராளம். டிடிஆர்5 போர்டாக மாற்றுங்கள். மாற்றும்போது, கோளாறு எங்கே என்று காட்டுவதற்கு ப்ராசஸர், ரேம், கிராபிக்ஸ், பூட் என்று நான்கு குட்டி லைட் இருக்கிற போர்டாகப் பாருங்கள். தனியாக உட்கார்ந்து பழுது தேடப் போகிற ஆளுக்கு அந்த நான்கு லைட்டைவிட நல்ல துணை கிடையாது.

அடுத்தது ப்ராசஸர். ஐ7-14700எஃப் போட்டிருக்கிறீர்கள், எஃப் இல்லாததைவிட விலை குறைவு என்பதால் இருக்கும். அந்த எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று அர்த்தம். கேம் விளையாடுகிறவனுக்கு அது நஷ்டமில்லை, வீடியோக்களில் அதைப் பரிந்துரைப்பதும் அதனால்தான். உங்களுக்கு நஷ்டம். உங்கள் சோனியில் 10 பிட் 4:2:2-வில், எச்.265 ஆக எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதாவது நிற விவரம் கூடுதலாக, ஆனால் ரொம்ப இறுக்கிச் சுருக்கிய வீடியோ. லேப்டாப் திணறுவதே அதனால்தான். அந்த ஃபுட்டேஜைப் பிரித்து ஓட்டுகிற தனி எஞ்சின் இன்டெல்லின் உள் கிராபிக்ஸில் இருக்கிறது, பிரீமியர் அதை நேராகப் பயன்படுத்திக்கொள்ளும். என்விடியா கார்டுகளிலோ ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. நீங்கள் எழுதியிருக்கும் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டில் கிடையாது. ஆக, 14700எஃப்பும் 4060-உம் சேர்த்து வாங்கியிருந்தால், நகையை வைத்து இவ்வளவு செலவு செய்தும், எந்த வேலைக்காக மெஷின் வாங்கினீர்களோ அதே வேலையில் மீண்டும் இழுத்துக்கொண்டிருக்கும். எஃப் இல்லாத 14700 வாங்குங்கள். பட்ஜெட் இடித்தால் ஐ5-14500-கூடப் போதும், உள்ளே அதே கிராபிக்ஸ்தான். இன்னொரு லாபமும் இருக்கிறது: கிராபிக்ஸ் கார்டு ஒரு நாள் படுத்துவிட்டாலும் மெஷினில் டிஸ்ப்ளே வரும். தெரிந்தவர் விற்கிறார் என்று சொன்ன பழைய கார்டு வேண்டவே வேண்டாம். கடன் வாங்கி, வாரண்டி முடிந்த பொருள் எடுப்பது சரிப்படாது. வேண்டுமானால் கார்டே இல்லாமல் ஆரம்பித்து, எங்கே இழுக்கிறது என்று பார்த்துவிட்டு ஐப்பசி சீசன் காசில் புதுசாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9-களில் கொஞ்ச நாளில் மெஷின் தானாகத் தொங்குகிற பிரச்சினை வந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் ப்ராசஸர் மெல்ல மெல்லக் கெட்டுப்போன விஷயம் அது. 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டு பயாஸ் (போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வழியாகச் சரிக்கட்டியது, அந்த மாடல்களுக்கு வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. அதனால் 14700 எடுத்தால் விண்டோஸ் போடுவதற்கு முன்னாலேயே போர்டின் பயாஸைப் புதுசாக்கிவிடுங்கள். தள்ளிப்போடுகிற வேலை இல்லை இது.

இந்த ப்ராசஸர் முழு வேகத்தில் 219 வாட் வரை இழுக்கும். டப்பாவோடு வரும் கூலர் மணிக்கணக்கில் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்குவது) ஓடினால் தாங்காது, அதுவும் உங்கள் ஊர்ப் பக்கம். வெயில் காலத்தில் தினசரி வானிலை அறிக்கையில், அதிக வெயில் பதிவான ஊர்களில் கரூர் பரமத்தி பெயர் வராத நாள் குறைவு, அந்த அறை வெப்பத்தோடுதான் மெஷினின் வெப்பமும் ஏறும். நல்ல டவர் கூலர் ஒன்று போடுங்கள், பயாஸில் பவரை 125 வாட்டுக்குக் கட்டிப்போடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், சூடும் சத்தமும் நிறையக் குறையும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பேப்பரை உரித்துவிட்டு மாட்டுங்கள். சிரிக்காதீர்கள், உரிக்காமல் மாட்டிவிட்டு "சூடாகுது சார்" என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு.

எஸ்எம்பிஎஸ்தான் என்னைப் பயமுறுத்தியது. கலர் லைட் ஃபேனுக்கு ஆறாயிரம், எஸ்எம்பிஎஸுக்கு 1,400. மேலே 600 வாட் என்று அச்சடித்திருக்கும், அச்சடிக்க யாருக்கும் காசாகாது. கரண்ட் ஏறி இறங்கும்போது முதல் அடி வாங்குவது இதுதான், மட்டமானதாக இருந்தால் போகும்போது போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போய்விடும். ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வாரண்டி தருகிற கம்பெனியில் 650 வாட் ஒன்று எடுங்கள், தாராளம். கேபிள் கழற்றி மாட்டுகிற மாடலாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒரு கம்பெனி எஸ்எம்பிஎஸின் கேபிளை இன்னொரு கம்பெனி எஸ்எம்பிஎஸில் மாட்டக் கூடாது. கனெக்டர் பொருந்தும், உள்ளே வயர் வரிசை மாறியிருக்கும், ஆன் செய்த நொடியில் ஹார்ட் டிஸ்க் காலி. ஒரு சீசனின் கல்யாணம் முழுக்க அதில் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். யுபிஎஸ் லிஸ்டிலேயே இல்லை. சாதாரண 600 விஏ யுபிஎஸ் 360 வாட்தான் தாங்கும், ரெண்டர் நேரத்தில் கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து போய்விடும், ஒரு கேவிஏ (1,000 விஏ) பாருங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். கடைக்காரர் சொன்ன 1,68,000-இல் ஒரிஜினல் விண்டோஸ், நல்ல எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் மூன்றும் இருந்தன, நீங்களே அந்த எஸ்டிமேட்டை அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் லிஸ்டில் மூன்றும் இல்லை. அவற்றைச் சேர்த்தால் அந்த 21,000 கரைந்து சில ஆயிரமாகிவிடும். போதாததற்கு ரேம் விலை 2025 கடைசியிலிருந்து ஏறிக்கிடக்கிறது, அதற்கு முந்தைய வீடியோவில் சொன்ன விலையை வைத்துப் போட்ட பட்ஜெட் எதுவும் இன்று செல்லாது. மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் என்றால் நீங்களே அசெம்பிள் செய்யத் தேவையில்லை. உங்கள் வேலைக்கு ஏற்ற பாகத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், நாளைக்கு எது போனாலும் எது என்று உங்களுக்கே தெரியும், லாபம் அதில்தான்.

வாரண்டி, பில், கோர்ட்

நீங்களே மாட்டினால் வாரண்டி போகாது. இந்தப் பாகங்கள் தனித்தனியாக விற்கப்படுவதே யாரோ ஒருவர் மாட்டத்தான். உடைத்தால், வளைத்தால், எரித்தால்தான் போகும். அதே மாதிரி 'கடையில் வாங்கினால் முழு வாரண்டி' என்று உங்கள் வீட்டில் நினைப்பதும் பாதிதான் உண்மை. அங்கேயும் வாரண்டி அந்தந்தக் கம்பெனியுடையதுதான், கடைக்காரர் உங்களுக்காக அலைந்து வாங்கித் தருவார். அந்த அலைச்சலுக்கு மதிப்பு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் எத்தனை வருடம் அப்படிச் செய்வார் என்று பில்லில் எழுதி வாங்குங்கள், வாய் வார்த்தை மூன்றாவது மாதமே மறந்துவிடும். வீட்டுக்கே ஆள் வந்து சரி செய்ய வேண்டும் என்றால் பிராண்டட் டெஸ்க்டாப் ஆன்சைட் வாரண்டியோடு எடுக்க வேண்டும். அதே காசுக்குக் கொஞ்சம் குறைந்த மெஷின்தான் கிடைக்கும், பலவற்றில் போர்டும் எஸ்எம்பிஎஸும் அவர்கள் சொந்த அளவில் இருக்கும், பின்னால் மாற்ற முடியாது. தனியாளாகத் தொழில் செய்து, பழுது பார்க்கவே பிடிக்காத ஒருவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

"பில் வேண்டாம்னா 18 சதவீதம் குறைச்சுத் தரேன்" என்பார்கள். வாங்காதீர்கள். ஜிஎஸ்டி பில், ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வரி, பக்கத்தில் சீரியல் நம்பர். இது இல்லாமல் நாளைக்கு எதுவும் பேச முடியாது. டப்பா இல்லாமல் தனியாக விற்கும் டிரே ப்ராசஸர் விலை குறைவாக இருக்கும், அதற்கு விற்றவர்தான் பொறுப்பு, அவர் இல்லையென்றால் யாருமில்லை. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் உங்கள் எண்ணைப் பில்லில் போடச் சொல்லுங்கள், அந்த வரியைக் கழித்துக்கொள்ள முடியுமா என்று ஆடிட்டரைக் கேளுங்கள்.

நான் வக்கீல் இல்லை, ஆனாலும் இந்தத் தொழிலில் இருக்கிறவன் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அளவுக்குச் சொல்கிறேன். தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்பது பொதுவாகச் சரி. ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே அதற்கு விலக்கு இருக்கிறது: சுயதொழில் செய்து பிழைப்பவர், அந்தப் பிழைப்புக்காக மட்டும், தானே பயன்படுத்த வாங்கினால் அவரும் நுகர்வோர்தான். தனியாக எடிட் செய்யும் நீங்கள் அதில் வருவீர்கள். குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க, பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், மறுப்பது நியாயமற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் அசராதீர்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், பல கடைகள் அதிலேயே இறங்கி வந்துவிடும். அதற்கும் மேலே என்றால் மாவட்ட ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், சென்னையில் வாங்கியிருந்தாலும் பரவாயில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. ஆனால் பின் வளைந்தது யார் கையால் என்ற சண்டையில் சட்டத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆன்லைனில் வாங்கினால் டப்பாவின் சீல் தெரியும்படி ஆரம்பித்து, சாக்கெட்டைக் கிட்டத்தில் காட்டி, வெட்டில்லாமல் ஒரே ஷாட்டாக வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்.

ஆடியில் செய்யுங்கள்

பரணில் பழைய ஸ்டுடியோ கம்ப்யூட்டர், கோர் 2 டூவோ, சும்மா கிடப்பதாக எழுதியிருந்தீர்களே, அதை இந்த வாரமே இறக்குங்கள். துடைத்து, ஆன் ஆகிறதா பாருங்கள். பிறகு ஒவ்வொரு படிக்கும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு மொத்தத்தையும் கழற்றுங்கள், ப்ராசஸர் உட்பட. அந்தக் காலத்துச் சாக்கெட்டிலும் பின் போர்டில்தான் இருக்கும், லிவரும் அதே மாதிரிதான். புதுசாகத் தெர்மல் பேஸ்ட் வைத்து, பவர் பட்டன் வயர்களைப் போர்டின் அந்தக் குட்டி பின்களில் தேடித் தேடிச் சொருகி, திரும்ப ஓட வையுங்கள். ஓடினால் கை ரெடி. ஓடாவிட்டால் இன்னும் நல்லது, ஏன் ஓடவில்லை என்று தேடுங்கள். அந்தத் தேடல் உங்களுக்கு எரிச்சலாக இருக்கிறதா, இல்லை சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருக்கிறீர்களா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். எரிச்சல் என்றால் கடையிலோ பிராண்டட்டோ வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, உங்கள் தொழில் கல்யாணம் எடுப்பது.

பிடித்திருந்தால் வைகாசி, ஆனியை இந்த லேப்டாப்பிலேயே தள்ளுங்கள். பிரீமியரில் ப்ராக்ஸி (ஃபுட்டேஜின் லேசான நகல்) போட்டு எடிட் செய்தால் இவ்வளவு இழுக்காது, அதை நீங்கள் இன்னும் முயற்சி செய்யவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அதுவரை நகையை வைக்காதீர்கள், வட்டி மட்டும்தான் ஏறும். ஆடி பிறந்ததும் பாகம் வாங்கக் கிளம்புங்கள். ஆடியில் சும்மா இருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை, நிலுவை ஆல்பம் எல்லாம் அப்போதுதான் முடியும், ஆனால் நாளை விடிந்தால் முகூர்த்தம் என்ற நெருக்கடி இருக்காது, ஒரு போர்டு இரண்டு வாரம் சர்வீஸில் கிடந்தாலும் சமாளிக்கலாம்.

வாங்குவதற்கு என் வழி: முக்கியமான பாகம் எல்லாம் ஒரே கடையில், ஒரே பில்லில். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவானாலும் கோயம்புத்தூரானாலும், கடை மேசையிலேயே போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றை மட்டும் மாட்டி டிஸ்ப்ளே வருகிறதா காட்டச் சொல்லுங்கள். எஃப் இல்லாத ப்ராசஸர் என்பதால் கார்டு இல்லாமலே காட்ட முடியும். பின் வளைந்த போர்டோ செத்த ரேமோ அங்கேயே தெரிந்துவிடும், நீங்கள் ஊர் வந்து சேர்ந்த பிறகு யார் பொறுப்பு என்ற பேச்சே வராது. கூட்ட நேரத்தில் முகம் சுளிப்பார்கள், காலையில் கடை திறந்ததும் போங்கள். மூன்றையும் மாட்டியபடியே வாங்கி வந்தால் பின் பயமும் முடிந்தது, மீதியை வீட்டில் நீங்கள் நிதானமாக மாட்டலாம். முதல் மெஷினுக்கு இதுதான் சரியான அளவு என்பது என் அபிப்பிராயம், முழுக்க நானே செய்தேன் என்ற பெருமை அடுத்த மெஷினில் இருக்கட்டும்.

ஓட ஆரம்பித்ததும் உடனே ஆர்டர் வேலையை அதில் ஏற்றாதீர்கள். ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிட்டு ரேமைச் சோதியுங்கள், முடித்துக் கொடுத்த பழைய கல்யாணம் ஒன்றை எடுத்து மூன்று நான்கு முறை முழுசாக ரெண்டர் போட்டுப் பாருங்கள், சூட்டைக் கவனியுங்கள். குறையோடு வந்த பாகம் பெரும்பாலும் முதல் சில நாளிலேயே சாகும். ஃபுட்டேஜை லேப்டாப்பிலிருந்து காப்பி எடுங்கள், கட் செய்து மாற்றாதீர்கள், தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் இன்னொரு பிரதி இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, கடிதத்தில் நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போனது. சார்ஜில் இருக்கும்போது லேப்டாப் மேல் கை வைத்தால் சுர்ரென்று இழுக்கிறது, பழைய கேபினட்டிலும் அப்படித்தான் இருந்தது என்கிறீர்கள். அந்த அறையின் பிளக் பாயிண்டில் எர்த் வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளம். எர்த் இல்லாத பாயிண்டில் எஸ்எம்பிஎஸின் ஃபில்டரிலிருந்து கசிகிற கரண்ட் போக வழியில்லாமல் இரும்பு உடம்பிலேயே நிற்கும், அதைத்தான் உங்கள் விரல் வாங்குகிறது. ஒன்றரை லட்ச ரூபாய் மெஷினை அந்தப் பாயிண்டில் மாட்டக் கூடாது, யுபிஎஸ் போட்டாலும் இது சரியாகாது. எலக்ட்ரீஷியனை வரவழைத்து மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230 ஒட்டிக் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. நீங்களே வயரைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். வீட்டில் குழந்தை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், இதற்கு ஆடி வரை காத்திருக்காதீர்கள், நாளைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.